நேர்காணலில் மறந்துபோக வேண்டிய ஷூ

நேர்காணலுக்கு ஷூ வாங்கப் போகும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், கறுப்பா, பிரவுனா?" என்பதுதான். கறுப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். அந்தக் கேள்வியில் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியதெல்லாம் காலைப் பற்றி. உன் பாதம் அகலமா? மேல்பாதம் மேடாக இருக்குமா? இரண்டு காலில் எது பெரிது? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் கடைக்குள் போகிறவன், கண்ணாடியில் அழகாகத் தெரிவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். நேர்காணல் அன்று வரவேற்பறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சுண்டுவிரல் வலிக்க ஆரம்பிக்கும்.

ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ செய்யும் தொழிற்சாலைகளில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பிறகு அங்கேயே புதிதாக ஆள் எடுக்கும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கல்லூரிகளில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகளை நேர்காணலுக்குத் தயார் செய்கிறேன். ஷூவுக்காக யாருக்கும் வேலை கிடைப்பதில்லை. ஆனால் காலைக் கடிக்கிற ஷூ ஒருவனுடைய கவனத்தில் பாதியைத் தின்றுவிடும். தனக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தில் கேட்ட கேள்விக்கே தடுமாறிய பிள்ளைகள், வெளியே வந்ததும் முதல் காரியமாகக் குனிந்து லேஸைத் தளர்த்துவதைப் பார்த்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் காலில் இருப்பதே மறந்துபோக வேண்டும். என் கணக்கில் அதுதான் நேர்காணலுக்கு ஏற்ற ஷூ. விலை, பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? கதவிலிருந்து நாற்காலிவரை நீங்கள் நடந்துவரும் சில அடிகளில் முன்பக்கம் தெரியும். எழுந்து போகும்போது குதிகால் தெரியும். தூசி, அவிழ்ந்த லேஸ், ஒரு பக்கமாகத் தேய்ந்த ஹீல் ஆகிய மூன்றும் கண்ணில் படும். இது 1,500 ரூபாய் ஷூவா, 6,000 ரூபாய் ஷூவா என்று அந்தத் தூரத்திலிருந்து எங்களைப் போன்ற தொழில்காரர்களுக்கே சொல்வது கடினம். மற்றவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். அப்பாவிடம் காசு வாங்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

இனி காலுக்கு வருவோம். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை எங்கள் தொழிலில் சி.எல்.ஆர்.ஐ. என்றுதான் சொல்வோம். அவர்கள் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தார்கள். ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட நம் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்று அதில் தெரிந்தது. இந்தியாவுக்கென்று 'பா' என்ற பெயரில் தனி அளவுமுறையை அதை வைத்துத்தான் முன்மொழிந்தார்கள். ஆனால் கடைகளில் இன்னும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இங்கிலாந்து நம்பர்தான். அதில் எட்டாம் நம்பர் ஐரோப்பியக் கணக்கில் ஏறக்குறைய 42. செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம் பிள்ளைகளின் கால் முன்பக்கம் விரிந்திருக்கும். குறுகலான ஷூவில் அந்த இடம்தான் நசுங்கும்.

நசுங்குகிறது என்றால் உடனே ஒரு நம்பர் பெரிதாகக் கேட்பார்கள். கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுவார். இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு நம்பர் கூடினால் நீளம் எட்டரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூடிவிடும். உங்களுக்கு வேண்டியிருந்தது அகலம், கூடுதலாகக் கிடைத்தது நீளம். பெருவிரலின் அடிமூட்டும் ஷூ மடிய வேண்டிய இடமும் ஒன்றுக்கொன்று விலகிவிடும். நடக்கும்போது குதிகால் வெளியே வரும், முன்பக்கத்தில் கோணல்மாணலாகச் சுருக்கம் விழும். அதே நம்பரில் அகலமான ஃபிட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். சில ஷூக்களில் நம்பருக்குப் பக்கத்தில் எஃப், ஜி, ஹெச் என்று எழுத்து இருக்கும். எஃப்பைவிட ஜி அகலம், ஜியைவிட ஹெச் அகலம். எழுத்தே இல்லையென்றால் வேறு மாடலைப் போட்டுப் பாருங்கள். ஷூ செய்யும் கால் அச்சை நாங்கள் லாஸ்ட் என்போம். மாடல் மாறினால் பெரும்பாலும் லாஸ்டும் மாறும், ஒரே பிராண்டில்கூட.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த ஷூ மாலையில் பிடிக்கும். மாலையில் சரியாக இருப்பது எப்போதும் சரியாக இருக்கும். நேர்காணலுக்குப் போடப்போகும் அதே சாக்ஸைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று, பெரிய காலுக்குத் தக்கபடி தேர்ந்தெடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். கூர்மூக்கு மாடல்களில் அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

மாடலைப் பொறுத்தவரை என் ஓட்டு டெர்பிக்கு. ஆக்ஸ்ஃபோர்டு என்பது லேஸ் கட்டும் இரண்டு இறக்கைகளும் முன்பகுதிக்கு அடியில் போய்த் தைக்கப்பட்டது. பார்க்க மிக ஒழுங்காக இருக்கும், ஆனால் மேல்பாதம் மேடானவர்களுக்கு அது விரிந்து கொடுக்காது. டெர்பியில் இறக்கைகள் முன்பகுதியின் மேலே உட்கார்ந்திருக்கும். லேஸைத் தளர்த்தினால் நன்றாகத் திறக்கும். எந்த நேர்காணல் அறையிலும் டெர்பியைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். லேஸ் கட்டியபிறகு இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தால் சரியான அளவு. புதிய ஷூவிலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டால் அது உங்களுக்குப் பெரிது. மேலே அகன்று ஆங்கில 'வி' எழுத்துபோல விரிந்தால் மேல்பாதத்தில் இறுக்கம். லோஃபர், பக்கிள் வைத்தது, தூக்கிய மூக்கு, தொங்கும் குஞ்சம் இவையெல்லாம் வேலை கிடைத்தபிறகு உங்கள் விருப்பம்.

இப்போது நான் நிறைய வருடம் செய்த வேலைக்கு வருகிறேன். ஒரு ஜோடி என் மேசைக்கு வந்தால் அதைக் காலில் போட்டுப் பார்க்க எங்களுக்கு நேரமிருக்காது. கையாலும் கண்ணாலும்தான் பார்க்க வேண்டும். அதையே கடையில் நீங்களும் செய்யலாம், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் இரண்டையும் கண்ணாடி மேசையில் சேர்த்து வையுங்கள். பின்பக்கமாகக் குனிந்து பார்த்தால் பின்தையல் நேராக நிற்க வேண்டும். இரண்டின் பின்விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மூன்று மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும் அந்தக் காலில் குதிநரம்பு உரசிப் புண்ணாகும். ஹீல் முழுவதும் மேசையில் படிய வேண்டும், விரலால் தட்டினால் ஆடக்கூடாது. மூக்குப்பகுதி மேசையிலிருந்து லேசாக மேலெழுந்து இருப்பது குறையல்ல. நடப்பதற்காக அச்சிலேயே கொடுத்த வளைவு அது.

அடுத்து, குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்துங்கள். உள்ளே கவுண்ட்டர் என்ற விறைப்பான தகடு இருக்கிறது. அழுத்தினால் எதிர்க்க வேண்டும், விட்டதும் பழைய வடிவத்துக்கு வர வேண்டும். சொதசொதவென்று உள்ளே போனால் அந்த ஷூ சில மாதங்களில் பின்பக்கம் சரிந்துவிடும். பிறகு ஹீலையும் மூக்கையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மட்டுமே வளைய வேண்டும். நடுப்பாதத்தில் வளைந்தால் உள்ளே ஷாங்க் என்ற இரும்புப் பட்டை இல்லை, அல்லது மட்டமானது. அதைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் நிற்க முடியாது. கடைசியாகக் கையை உள்ளே விட்டு லைனிங் முழுவதையும் தடவுங்கள். நூல் முடிச்சு, லைனிங் மடிப்பு, பசை காய்ந்த கட்டி எல்லாம் விரல் நுனியில் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாத அந்த மடிப்புதான் இரண்டு மணி நேரத்தில் கொப்புளம் ஆகிறது. எங்கள் பிரிவில் இருந்த பெண்கள் கையை உள்ளே விட்ட வேகத்திலேயே, எந்த இடத்தில் எது என்று சொல்லிவிடுவார்கள். ஆம்பூர் ஷூக்களின் தரம் பாதி அவர்கள் விரல்களில்தான் இருக்கிறது.

தோலா, ரெக்சினா? வசதி இருந்தால் தோல். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் ரெக்சின்தான். அவசரத்துக்கு ஒரு நேர்காணலுக்கு அது போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரெக்சின் வேர்வையை உறிஞ்சாது, காலுக்குத் தக்கபடி இளகாது. மடியும் இடத்தில் ஒருநாள் வெடித்துவிட்டால் பாலிஷ் எதையும் மறைக்காது. பல ஷூக்களின் உள்ளேயோ அடியிலோ சின்னப் படம் இருக்கும். விரித்த தோலின் வடிவம் இருந்தால் தோல், வெறும் சாய்சதுரம் இருந்தால் வேறு பொருள், தோல் வடிவத்துக்குள் சாய்சதுரம் இருந்தால் மேலே பூச்சுப் பூசிய தோல். படம் இல்லையென்றால் முன்பகுதியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். தோல் என்றால் மெல்லிய, ஒழுங்கற்ற சுருக்கங்கள் விழுந்து மறையும். ரெக்சின் மொத்தமாகக் குழியும். ஆம்பூரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரக் கடைகளில் நல்ல தோல் ஷூ நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் ஏற்றுமதிச் சரக்கு என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மேலே சொன்ன பரிசோதனையை அங்கேயும் செய்யுங்கள்.

தோல் ஷூவை வாங்கினால் பல வருடம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர்களில் தோல் பதனிட்ட கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள், கட்டுப்பாடுகள் என்று எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் ஒரு ஜோடி ஷூவுக்குப் பின்னால் ஒரு மாட்டின் தோலும், நிறையத் தண்ணீரும், பல பேருடைய கை உழைப்பும் இருக்கின்றன. அதை ஒரே வருடத்தில் குப்பையில் போடுவது எனக்குப் பொறுக்காது.

அடிப்பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் யாரும் எதிர்பாராத ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மாமா கல்யாணத்துக்கு வாங்கி, ஒரே நாள் போட்டு, பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூவோடு ஒரு மாணவன் வந்தான். மேல்பக்கம் புதுசு மாதிரியே மின்னியது. வகுப்பறைக்குள் நடந்துகாட்டச் சொன்னோம். நாலு எட்டு வைப்பதற்குள் தரையில் கறுப்புத் துகள்கள். ஹீலை அமுக்கினால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனோம். அவர் கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

"இது ஒட்டுற கேஸ் இல்ல சார். அடியே மாவாயிடுச்சு. சொல்யூஷன் எதைப் புடிச்சு நிக்கும்?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. எடை குறைந்த பல ஷூக்களின் அடி பி.யூ. என்ற பாலியூரித்தேனால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். போடாமல் பெட்டியில் வைத்தாலும் அறுக்கும், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. சென்னை, கடலூர், நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் மூன்று நான்கு வருடம் பரணில் கிடந்த பி.யூ. அடியை நம்பவே கூடாது. ரப்பரும், டி.பி.ஆர். என்ற தெர்மோபிளாஸ்டிக் ரப்பரும் சற்றுக் கனமாக இருக்கும், ஆனால் இப்படி உதிராது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். பழைய ஷூவை எடுத்தால் கட்டைவிரல் நகத்தை அடியில் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, வளைத்தால் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டாதீர்கள்.

விடுதிகளில் நண்பனின் ஷூவைக் கடன் வாங்கிப் போகும் வழக்கம் உண்டு. வசதி இல்லாத பிள்ளைக்கு அது பெரிய உதவி, நான் தடுக்க மாட்டேன். ஆனால் சில மாதம் போட்ட ஷூவின் உள்தகட்டில் முதல் சொந்தக்காரனின் பாதம் பள்ளமாகப் பதிந்திருக்கும். ஒரே நம்பராக இருந்தாலும் உங்கள் கால் அந்தப் பள்ளத்தில் உட்காராது. மேலே புதிதாக மெல்லிய உள்ளட்டை ஒன்றை வெட்டிப் போடுங்கள். முந்தின இரண்டு மூன்று மாலையாவது அதைப் போட்டு நடந்து பழகுங்கள்.

புது ஷூவுக்கும் பழக்கம் வேண்டும். நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். தினமும் மாலையில் அரை மணி நேரம், சாக்ஸோடு, வீட்டுக்குள்ளேயே நடங்கள். படி ஏறி இறங்குங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். எந்த இடம் உரசுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமானால் தெருவில் போடாத ஷூவைப் பல கடைகளில் மாற்றிக் கொடுப்பார்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் சறுக்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல அலுவலகங்களில் தரை அப்படித்தான்.

பாலிஷ் போடுவதை முந்தின நாள் இரவே முடியுங்கள். லேஸை முழுவதும் உருவிவிட்டு, முதலில் தூசி தட்டும் பிரஷ், பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணி. அது காய்ந்தபின் டப்பாவில் வரும் மெழுகு பாலிஷைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். மெல்லிசாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு. நிறையப் பூசினால் நிறையப் பளபளக்கும் என்று நினைக்கிறார்கள். தடிமனான மெழுகு மடிப்புகளில் அடைத்துக்கொண்டு வெள்ளையாக வெடிக்கும், தூசியையும் இழுக்கும். பத்து நிமிடம் விட்டு குதிரைமுடி பிரஷால் இழுத்துத் தேய்த்தால், அந்த உராய்வின் சூட்டில் மெழுகு இளகிப் பரவும். பளபளப்பு அதிலிருந்துதான் வருகிறது. பிரஷ் வேலையில் அவசரப்படாதீர்கள். அடியும் மேல்தோலும் சேரும் இடுக்கைப் பழைய பல்துலக்கும் பிரஷால் சுத்தம் செய்தால் ஷூவின் தோற்றமே மாறிவிடும். திரவமாக வரும் ஸ்பாஞ்ச் பாலிஷ் அலுவலக வாசலில் தூசி தட்டுவதற்கு மட்டும். வாரா வாரம் அதையே போட்டால் தோலின் மேல் ஒரு படலம் படிந்து வெடிக்க ஆரம்பிக்கும். வீட்டில் பெரியவர்கள் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். வேண்டாம். எண்ணெய் தோலுக்குள் இறங்கித் தொளதொளக்க வைக்கும், தூசியைப் பிடிக்கும், கொஞ்ச நாளில் காறல் வாடையும் வரும்.

சாக்ஸ் கறுப்பு, கெண்டைக்காலின் பாதிவரை வர வேண்டும். உட்காரும்போது பேன்ட் மேலே ஏறி வெறுங்கால் தெரியக்கூடாது. ஓட்டை இல்லாத, துவைத்த சாக்ஸாக இருக்கட்டும். சிறிய நிறுவனங்கள் சிலவற்றில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். நம் ஊரில் இது அபூர்வமல்ல. பெல்ட் ஷூவின் நிறத்திலேயே இருக்கட்டும்.

மழைக்காலத்தில் சென்னைக்குப் போகிறீர்கள் என்றால் ஷூவைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு ரயில் ஏறுங்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம். கூடவே ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு கைத்துணி. நனைந்தேவிட்டால் சேற்றைத் துடைத்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைத்தால் தோல் சுருங்கி விறைத்துவிடும், ஒட்டிய அடியும் விட்டுப்போகும்.

நேர்காணல் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிடாதீர்கள். ஒரு நாள் போட்ட ஷூவுக்குள் வேர்வை ஊறியிருக்கும். அது காய ஒரு முழு நாளாவது வேண்டும். மரத்தாலான ஷூ ட்ரீ இருந்தால் நல்லது, இல்லையென்றால் செய்தித்தாளே போதும், வடிவம் நிற்கும். ஹீலின் வெளிப்பக்க ஓரம் தேய ஆரம்பித்ததுமே ஹீலின் அடி ரப்பரை மட்டும் மாற்றிவிடுங்கள். தேய்மானம் ஹீல் கட்டைவரை போய்விட்டால் செலவு பல மடங்கு.

நீண்ட நாள் போடமாட்டீர்கள் என்றால் துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்துப் பார்த்தால் சில ஷூக்களின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். எல்லாமே பூஞ்சையல்ல. தோலுக்குள் இருக்கும் கொழுப்பும் சில நேரம் வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். தலைமுடி உலர்த்தும் கருவியைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டுங்கள். கொழுப்பு என்றால் உருகி மறைந்துவிடும், துடைத்துப் பாலிஷ் போட்டால் போதும். மறையவில்லையென்றால் பூஞ்சை. மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், தண்ணீர் கலந்த வினிகரில் தோய்த்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். பக்கத்தில் இருக்கும் செருப்புகளையும் பாருங்கள், அவற்றுக்கும் பரவியிருக்கும்.

மாதம் ஒருமுறையாவது எடுத்து வீட்டுக்குள் சற்று நேரம் நடந்துவிட்டு வையுங்கள். அடுத்த நேர்காணலுக்கு அழைப்பு வந்தால், சட்டை பேன்ட் எடுப்பதற்கு முன்பே அன்றைக்கே ஷூவை எடுத்து அடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால், புதிதை வாங்கிப் பழக்க இன்னும் நாள் இருக்கும்.